பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

செப்டம்பர் 15, திங்கள்

பல் ஆஸ்பத்திரிக்குப் பற்பசை விற்க வருகிறவர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. அட்டையில் ஒரு கடைவாய்ப் பல் சிரித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை மாதமும் சூடான குக்கருக்கு அடியில் வைக்கத்தான் உதவியது. இன்றைக்குத்தான் எழுதுகிற மாதிரி ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது. என் மாமியார் இந்த வீட்டைவிட்டுப் போகிறார்.

அப்பாடா!

என் நாத்தனார் சுபாஷிணிக்கு பெங்களூரில் இரட்டைப் பையன்கள். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகிறாளாம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மா வேண்டுமாம். நேற்று அவளும் என் வீட்டுக்காரர் பூபதியும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். தீபாவளிக்கு வருவார்கள், போகும்போது அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள், இனி அங்கேதான். ஃபிரிட்ஜை எந்த மூலையில் வைப்பது என்று முடிவு செய்யக்கூட இந்த வீட்டில் இதைவிட அதிக நேரம் பிடித்தது.

அத்தையை யாரும் கேட்கவில்லை. என்னையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே பெட்டி கட்டிக் கொடுத்திருப்பேன்.

நாச்சம்மாள் என்கிற என் மாமியாரின் பெருமையை எழுத இந்த டைரி போதாது. நான் மடித்து வைத்த துணியை எடுத்து உதறி மறுபடி மடிப்பார். நான் வைத்த ரசத்தை ருசி பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உப்பு டப்பாவைத் திறப்பார். சத்தம் போட்டால்கூடப் பரவாயில்லை, அந்த டப்பா மூடி திறக்கிற ஓசை இருக்கிறதே, கருமம். சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வந்து டிவி போட்டால், "கண்ணு அவிஞ்சு போயிரும், அணைடா" என்று ஒரு அதட்டல். எங்கள் கணபதி ஏரியாவிலேயே கண்டிப்பான பொம்பளை என்று பெயர்.

அந்தக் கண்டிப்பான பொம்பளைதான் தினமும் மதியம் என் பக்கத்தில் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கப்பல் கொள்ளை அடிக்கிறார். அது வேறு கதை.

செப்டம்பர் 17, புதன்

அந்தக் கதையையும் எழுதிவிடுகிறேன். இந்தப் பல் படம் போட்ட டைரியை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்?

போன வருஷம் அத்தை பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்தபின் விரல்களை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். ரப்பர் பந்து கொடுத்தோம். "நான் என்ன கைக்கொழந்தையா?" என்று ஜன்னல் வழியாக எறிந்துவிட்டார். பூபதியின் கேம் பெட்டி டிவிக்குக் கீழே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதில் ஃபுட்பால் ஆடுவார். மற்ற ஆறு நாளும் அது தூசிக்குத்தான். சும்மா அந்த ரிமோட்டை அத்தை கையில் கொடுத்து, பட்டனை அமுக்குங்க என்றேன். அவ்வளவுதான் நான் செய்த பாவம்.

இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற கடற்கொள்ளை ஆட்டம் அது. ஒருத்தர் கப்பலை ஓட்ட வேண்டும், ஒருத்தர் பீரங்கி வெடிக்க வேண்டும். நான் சுக்கான், அத்தை பீரங்கி. கப்பலுக்குப் பெயர் கேட்டது. லாரிக்கு வைக்கிற மாதிரி "மாகாளியம்மன் துணை" என்று வைக்கச் சொன்னார். இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன். இன்றுவரை எதிரிக் கப்பல்காரர்கள் எல்லாரும் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் மூழ்குகிறார்கள்.

கிளினிக்கில் என் ரிசப்ஷன் வேலை மதியத்தோடு முடிந்துவிடும். வந்து சாப்பிட்டு உட்கார்ந்தால், பூபதி பம்பு கம்பெனியிலிருந்து வருவதற்குள் ஒரு கடலைச் சூறையாடிவிட்டு, ரிமோட்டைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்துவிடுவோம். அவர் வந்து, "ஏன், இன்னைக்கும் சண்டையா?" என்பார். ஒன்றரை வருஷமாக இந்த நாடகம் நடக்கிறது.

இப்போது ஒரே ஒரு தீவுதான் பாக்கி. அதைப் பிடித்தால் ஆட்டம் முடிந்துவிடும். அத்தை போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டோம்.

இன்று தீவை நெருங்கும்போது கப்பலைப் பாறையில் மோதிவிட்டேன். கை வழுக்கிவிட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

இன்றும் பாறை. இந்த ரிமோட்டே சரியில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று நான் ஒழுங்காக ஓட்டினேன். எதிரிக் கோட்டை நேர் எதிரே, மதில்சுவர் மாதிரி அகலமாக நிற்கிறது. பறக்கிற நாரையைச் சுட்டு வீழ்த்துகிற என் மாமியார் அதைக் குறி தவறி, எங்கள் சொந்தப் பாய்மரத்தைச் சுட்டுவிட்டார்.

"கண்ணு மங்கிருச்சுடி," என்றார்.

கப்பல் மூழ்கியது. வயதாகிறது, பாவம்.

செப்டம்பர் 20, சனி

ஆட்டத்தின் நடுவில் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். அத்தை ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு மேலே பார்த்தார்.

"பல்லி சொல்லுது. தெக்கால சொல்லுச்சா, வடக்கால சொல்லுச்சா?"

"டிவிக்கு அடியில சொல்லுதுங்கத்தை."

"அந்தத் திக்குக்குப் பலனே இல்லியே."

பல்லி இல்லை. பெட்டிக்குள்ளிருந்துதான் சத்தம். திரையில் கப்பல் அப்படியே உறைந்து நின்றது. அலைகூட நின்றுவிட்டது. அணைத்துப் போட்டால் வந்தது, மறுபடி டிக் டிக், மறுபடி உறைந்தது. அத்தை பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். பழைய டிவிக்கு அது சரி, இதற்கு ஆகாது என்று கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்ப நீயே பாரு, படிச்சவ" என்று எழுந்து போய்விட்டார். இன்றைக்கு ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

கிளினிக் முடிந்ததும் நேராகக் காந்திபுரத்துக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் கேம் பெட்டி பழுது பார்க்கும் கடை. கடைக்காரர் பெயர் ரியாஸ். போனில் பதிந்து வைத்திருந்த டிக் டிக் சத்தத்தைப் போட்டுக் காட்டினேன். டாக்டர் மாதிரி கண்ணை மூடிக் கேட்டார்.

"ஹார்ட் டிஸ்க் போறதுக்கு ரெடியாயிருச்சுங்க்கா. இனி இதைப் போட்டு ஆடாதீங்க. அப்படியே வெளிய எடுத்து, அதே மாதிரி இன்னொண்ணுல காப்பி எடுத்துடுங்க. ஆட்டம், சேவ் பண்ணுனது, எல்லாம் அச்சு அசலா வந்துரும்."

"அதே மாதிரின்னா?"

"அதே கம்பெனி, அதே அளவு. என்றகிட்டயே இருக்குதுங்க. காப்பி எடுக்கறதுக்கு டாக்குன்னு ஒரு மெஷினும் தர்றேன், ஆனா அது வெளிய போயிருக்குது. பூஜை கழிச்சு வந்து வாங்கிக்கங்க. ஏ-ன்னு போட்டிருக்கற ஓட்டையில பழசு, பி-யில புதுசு. மாத்தி மட்டும் சொருகிடாதீங்க."

அதை ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். என் முகத்தைப் பார்த்தால் மாற்றிச் சொருகுகிற ஆள் மாதிரியா இருக்கிறது? கோபம் வந்தது. புது டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

பெட்டியைத் திறப்பதற்குள் உயிர் போய்விட்டது. ஒரு ஸ்க்ரூ மட்டும் நட்சத்திர வாய். வீட்டில் இருக்கிற எந்த ஸ்க்ரூ டிரைவரும் பொருந்தவில்லை. கிளினிக்கில் செயற்கைப் பல் முடுக்கும் குட்டி டிரைவர் ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கச்சிதமாகப் பொருந்தியது! (காலையில் கொண்டுபோய்க் கருவிகளைக் கொதிக்க வைக்கும் தட்டில் போட்டுவிடுவேன். நோயாளிகள் பயப்பட வேண்டாம்.)

அத்தை டார்ச் பிடித்தார். உள்ளே ஒன்றரை வருஷத் தூசி. "ச்சீ, பூபதி பொழங்கற லட்சணத்தைப் பாரு" என்று முந்தானையால் துடைத்தார். டிஸ்க்கை உருவினேன். புதியதைக் கவரிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதே நிறம், அதே கனம், அதே லேபிள். சுபாஷிணியின் பையன்களிலாவது ஒருத்தனுக்கு மூக்கு சப்பை, கண்டுபிடித்துவிடலாம்.

"இத்தனூண்டு டப்பாவுக்குள்ளதான் அத்தனை கடலுமா?" என்றார் அத்தை.

"ஆமாங். இன்னொண்ணு எடுத்துட்டா ரெண்டு கப்பல் ஆயிருமுங்க. ஒண்ணு இங்க இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டுலயும் இதே பெட்டி இருக்குதில்லைங்களா? இன்னொண்ணை நீங்க எடுத்துட்டுப் போயிருங்க."

அத்தை டார்ச்சை அணைத்தார். "ரெண்டு கப்பலு இருந்து என்ன பண்றது? நான் பீரங்கியில நின்னா, ஓட்டறது யாரு?"

ஸ்க்ரூ ஒன்று சோபாவுக்கு அடியில் உருண்டுவிட்டது, தேடிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

மதியம் சாப்பிட்டுவிட்டு இருவரும் பழக்கதோஷத்தில் டிவிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டோம். டிவி அணைந்திருந்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். "இடது பக்கம் திருப்பு", "சுடுங்க சுடுங்க" தவிர வேறு என்ன பேசியிருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன்.

"உனக்கு முட்டி வலி எப்படி இருக்குது?" என்றார்.

"எனக்கு முட்டி வலியே இல்லைங்களே."

"அப்ப எனக்குத்தான்" என்றார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூபதி ஃபுட்பால் ஆட உட்கார்ந்தார். உள்ளே டிஸ்க் இல்லாத பெட்டி! நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார். "ஆயுத பூஜைக்குச் சாமிகிட்ட வெக்கோணும்னு தொடச்சு வெச்சிருக்கறேன். தொட்டீன்னா கையை ஒடிப்பேன்."

"அதுக்கு இன்னும் மூணு நாள் இருக்குதும்மா."

"எனக்குத் தெரியாதாக்கும்?"

கண்ணை இமைக்காமல் பொய் சொல்லக்கூடிய பொம்பளை. கொள்ளைக்காரியோடு கூட்டு வைத்தால் இது ஒரு சௌகரியம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். கல்யாணமான புதிதில் பிள்ளை இல்லை பிள்ளை இல்லை என்று என்னைக் கரித்துக் கொட்டியவர்தான் இவர். அதை நான் மறக்கவில்லை. ஆனால் இன்று சாயந்திரம் மேலவீட்டு அம்மா ஒருத்தி வந்து, "மக வீட்டுலயாவது பேரனுங்க இருக்கானுங்க, அங்க போறதுதான் உங்களுக்கும் நல்லது" என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அத்தை அவள் கையிலிருந்த காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டார். பாதிதான் குடித்திருந்தாள். "ஆறிப் போச்சு. நீ கெளம்பு" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேறு ஒன்றுமில்லை, சிரிப்புதான்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பொரி, கடலை, சுண்டல், கொய்யாப்பழம். பூபதியின் ஸ்பேனர்கள், என் தையல் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கேம் பெட்டியும் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

இரண்டு டிஸ்க்கையும் ஒரு தட்டில் வைத்து அத்தையிடம் கொடுத்தேன். "இதுக்கும் ஒரு பொட்டு வெச்சிருங்கத்தை. நல்லபடியா ஓடோணும்." வாசலில் பூசணிக்காய் உடைக்கப் பூபதி கூப்பிட்டார், போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒரு டிஸ்க்கில் பெரிதாகக் குங்குமம் இருந்தது. வண்டி வாங்கினால் முதலில் பொட்டு வைத்துத்தானே எடுப்போம், புதியதற்கு வைத்துவிட்டார். நல்லதாகப் போயிற்று. இரண்டும் ஒரே மாதிரி இருந்து குழப்பிக்கொண்டிருந்தன, இனி அடையாளத்துக்கு அடையாளமும் ஆயிற்று. ரியாஸ் இதைச் சொல்லித் தரவில்லை, பார்த்தீர்களா?

அக்டோபர் 3, வெள்ளி

வயிற்று வலி என்று கிளினிக்குக்கு லீவு சொன்னேன். பல்வலி என்றால் வரச் சொல்லிவிடுவார்கள்.

ரியாஸ் கடையிலிருந்து டாக் வாங்கி வந்தேன். ரொட்டி சுடுகிற டோஸ்டர் மாதிரி மேலே இரண்டு ஓட்டை. பொட்டில்லாததை ஏ-யில் வைத்தேன், பொட்டு வைத்ததை பி-யில் வைத்தேன். பட்டனை அழுத்தினேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்தன. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தார். அரை கிலோ பூண்டையும் உரித்து முடித்து, வெங்காயத்தை எடுத்துக்கொண்டார். கடைசி விளக்கு எரிந்ததும் கை தட்டினார். என் மாமியார் கை தட்டி நான் பார்த்ததே இல்லை.

பொட்டு வைத்ததைப் பெட்டிக்குள் போட்டு முடுக்கி, டிவியைப் போட்டேன்.

உள்ளே ஒன்றுமே இல்லை என்று திரையில் வந்தது.

சரி, காப்பி சரியாக எடுக்கவில்லை போல, பழையது இருக்கிறதே என்று கழற்றி மற்றதைப் போட்டேன். அதிலும் ஒன்றுமே இல்லை.

"பழசுலயும் இல்லைங்களே," என்றேன்.

"பழசு அதில்ல. பொட்டு வெச்சிருக்கறேனே, அதுதான் பழசு," என்றார் அத்தை.

"பழசுக்கா வெச்சீங்க?"

"பின்னே? ஆயுத பூஜைக்கு ஒழைச்சதுக்குத்தானே பொட்டு வெப்பாங்க? ஒன்றரை வருசம் கப்பலைச் சொமந்தது அது. புதுசு இன்னும் என்ன வேலை பண்ணுச்சு, பொட்டு வெக்கறதுக்கு?"

வெற்று டிஸ்க்கை எடுத்து, எங்கள் கடல் இருந்த பழைய டிஸ்க்கின் மேல் நானே காப்பி எடுத்திருக்கிறேன். லேபிளில் தேதி அச்சடித்திருக்கிறது. அதைப் படித்திருக்கலாம். படிக்கவில்லை, பொட்டைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்த சண்டையை எழுத வெட்கமாக இருக்கிறது. "எந்த வேலையைக் கொடுத்தாலும் கேக்காம கொள்ளாம உங்க இஷ்டத்துக்குத்தான் செய்வீங்க" என்றேன். "படிச்சு என்ன பண்ண, பழசு எது புதுசு எதுன்னு தெரியலே" என்றார். உப்பு டப்பா வந்தது, துணி மடிப்பு வந்தது, ஒன்பது வருஷமும் வந்தது. கடைசியில் நான் சொன்னேன்: "போனாப் போகுது உடுங்க. எப்படியும் நீங்க போறவங்கதானே. யாரு கூட உக்காந்து ஆடப் போறேன்?"

அத்தை முகம் சட்டென்று மாறிவிட்டது.

"மூணு தடவை அந்தத் தீவுக்கிட்டப் போனோம். நீ வேணும்னேதான் பாறையில முட்டுன. எனக்குத் தெரியாதா? நான் சுட்டது மட்டும் குறி தப்பியா?"

எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்டோபர் 4, சனி

பேசவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

பூபதி பெட்டியைப் போட்டுப் பார்த்தார். டிஸ்க் போய்விட்டது, புதியது வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "அட, நல்லதாப் போச்சு" என்று விசில் அடித்துக்கொண்டே பென் டிரைவில் எதையோ இறக்கி, புது டிஸ்க்கில் ஏற்றி, பெட்டியைப் பழையபடி ஓட வைத்துவிட்டார். அவருடைய ஃபுட்பால் போனதைப் பற்றிக் கவலையே இல்லை. எல்லா ஆட்டத்தையும் மறுபடி இறக்கிக் கொள்ளலாமாம், சேமித்து வைத்தது மட்டும் வராதாம்.

"மொதல்ல இருந்து ஆடுனாப் போச்சு. அதுக்கு ஏன் கண்ணைத் தொடைச்சுக்கறே?"

"ஜலதோஷம்," என்றேன்.

அக்டோபர் 9, வியாழன்

ரசத்துக்கு உப்புப் போடாமலே வைத்துவிட்டேன். வேண்டுமென்றேதான். அத்தை ஒரு வாய் சாப்பிட்டார். உப்பு டப்பாவைத் தொடவில்லை. அப்படியே சாப்பிட்டு எழுந்தார்.

இந்தப் பொம்பளையோடு சண்டை போடுவதுகூடப் பெரும்பாடாக இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

அத்தை பெட்டி கட்டுகிறார். புடவைகள், மருந்து டப்பா, வெந்நீர்ப் பை. நான் கதவருகில் நின்று, "நான் மடிச்சுத் தரட்டுங்களா?" என்றேன். தலையாட்டினார். மடித்துக் கொடுத்தேன். உதறாமல், மறுபடி மடிக்காமல், அப்படியே பெட்டியில் வைத்தார்.

சமையலறைக்கு வந்துவிட்டேன். எனக்கு என்னவோ போல இருந்தது.

"இருங்கத்தை" என்று ஒரு வார்த்தை. ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி பேசுகிறேன், டாக்டரையே ஒருநாள் பல் விளக்கிவிட்டு வரச் சொன்னேன். இந்த ஒரு வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்ட மாட்டேன் என்கிறது. நான் கேட்டு, அவர் மாட்டேன் என்றால்? பேரன்களை விட்டுவிட்டு இங்கே உட்கார இவள் எனக்கு யார், என்று நினைத்தால்? வேண்டாம். எதற்கு வம்பு.

அக்டோபர் 19, ஞாயிறு

சுபாஷிணி குடும்பம் வந்துவிட்டது. பையன்கள் இருவரும் தங்கம். ஒருத்தன் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. சுபாஷிணி பாவம், கண்ணுக்குக் கீழே கருவளையம், உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிட்டாள். அவளைப் பார்த்தால் அத்தை போவதுதான் நியாயம் என்று தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய.

நாளை தீபாவளி, மறுநாள் காலையில் கிளம்புகிறார்கள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தோம். சுபாஷிணியின் வீட்டுக்காரர் மோகன்குமார் டிவிக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். அத்தை வழக்கம்போல சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை முன்னால் அவர் உட்கார மாட்டார். பேச வேண்டியதையும் மகளிடம் சொல்லித்தான் சொல்லுவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

சுபாஷிணி பெங்களூர் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தனி ரூம், கீழேயே கோயில், பார்க். "இங்க உனக்கு என்னம்மா இருக்குது? அண்ணன் வேலைக்குப் போயிருது, அண்ணி கிளினிக் போயிருது. நாள் பூரா ஒண்டியா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கறே."

"ஆமாம்மா," என்றார் பூபதி. "ரெண்டு பேருக்கும் ஆகவும் ஆகாது. நித்தம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டு இருக்கறீங்க. அவளுக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

நான் எல்லாருக்கும் லேகியம் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கையில் லேகியம் அப்படியே இருக்க, நான்தான் பேசினேன்.

"எனக்கு நிம்மதியா இருக்காதுங். அத்தை போக வேண்டாம்."

பூபதி வாயில் போட்ட லேகியத்தை விழுங்க மறந்துவிட்டார். "ஏன்?" என்றார்.

ஏன் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? வேலைக்கு ஒத்தாசை என்று சொல்லலாம், வீட்டுக்குப் பெரியவர் வேண்டும் என்று சொல்லலாம். ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"அத்தை இல்லீன்னா எனக்கு ஆகாதுங். மத்தியானம் வீட்டுக்கு வந்தா யாரு இருக்கறாங்க? எனக்கு இந்த ஊருல வேற யாருங்க இருக்கறாங்க? சுபா, உனக்கு வேணும்னு எனக்குத் தெரியுது. எனக்கும் வேணும்."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதுவிட்டேன். லேகியக் கையோடு முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் லேகியம். ஒரு பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணி!" என்றாள் சுபாஷிணி.

அத்தை சமையலறை வாசலைவிட்டு வந்தார். முதலில் மகளைப் பார்த்தார். "இவனுங்களுக்கு நான் வேணும். வாறேன். மாசத்துல ஒரு வாரம் வந்து இருந்துட்டு வாறேன். மிச்ச நாளைக்கு ஒரு ஆளைப் போட்டுக்க, நான் பாத்துப் பொறுக்கித் தாறேன். ஆனா ஒண்ணு. அண்ணனும் தங்கச்சியும் போன்லயே பேசி முடிச்சீங்களே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பூபதி தரையைப் பார்த்தார்.

பிறகு அத்தை என் பக்கம் திரும்பினார். "நீயுந்தான். பொட்டி கட்டறப்பப் பக்கத்துல நின்னு சீலை மடிச்சுக் குடுத்தியே, அப்பச் சொல்றதுக்கு என்னடி? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"நீங்க மாட்டேன்னுட்டா?"

"கேட்டாத்தானே தெரியும், கூறு கெட்டவளே."

"அம்மா, நெசமாவே கேக்கறேன்," என்றாள் சுபாஷிணி. அவள் குரல் கோபமாக இல்லை, ஆச்சரியமாகத்தான் இருந்தது. "ரெண்டு பேரும் இங்க அப்படி என்னதான் பண்றீங்க?"

அத்தை ஒரு நிமிஷம் யோசித்தார். ஊரெல்லாம் பிள்ளைகளை அதட்டி டிவியை அணைக்க வைத்த பொம்பளை. முப்பது வீட்டுக்குப் புத்தி சொல்லுகிற வாய். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்த சோபாவில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கலாமணி, மூஞ்சியைக் கழுவிட்டு அந்த ரிமோட்டு ரெண்டையும் எடுத்துட்டு வா. மொதல் தீவுல இருந்து ஆரம்பிக்கலாம்."

நான் கழுவிக்கொண்டு வந்தேன். ஆட்டத்தை நான் மறுபடி இறக்கி ஏற்றும்வரை வேறு யாரும் அசையவில்லை. திரையில் கடல் வந்தது. என் வீட்டுக்காரர் கதவில் சாய்ந்து நின்று, தாயையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இடது பக்கம் திருப்புடி!" என்று அத்தை கத்தினார். நான் திருப்பினேன். மோகன்குமார் திரையைப் பார்க்க நாற்காலியோடு முன்னால் நகர்ந்து, எங்கள் முழுக் கப்பலையும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை," என்றார் அத்தை, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் அக்கட்ட நகந்து உக்காருங்க. மறைக்குது."